கனகு அண்ணை உருக்கமாட்டாராம்

பெப்ரவரி 3, செவ்வாய்

மழை. பள்ளிக்கூடச் சமையலறை ஷிப்ட் ஒரு மணிக்கு முடிந்தது. வேலைகள்: பால், இவருக்குப் பிரஷர் குளிசை, கனகு அண்ணையிடம் தங்கக் காசு.

பாலும் குளிசையும் ஆயிற்று.

நகைக்கடையில் கனகு அண்ணை கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். மே மாதம் மகள் துளசிக்குக் கல்யாணம், வீட்டுக்கு வந்து பொன்னுருக்கிக் காசைத் தாலியாக்கித் தரவேண்டும் என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. "பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டிலையெல்லோ. மாப்பிள்ளை ஆர்?"

"ஜெனி. மன்னார். சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை."

"பெட்டையோ? பொம்பிளைப் பிள்ளையோ?"

"ஓம்."

காசை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். "குறை நினையாதேங்கோ தங்கச்சி. கும்பம் வைச்சு, சாமி படத்துக்கு முன்னாலை நெருப்பு மூட்டிச் செய்யிற வேலை. சமயத்துக்கு அடுக்காது. சங்கிலி, காப்பு எது வேணுமெண்டாலும் எடுங்கோ. தாலிக்கு உருக்கமாட்டன்."

ஒற்றை விரல். ஏதோ அழுக்கைத் தொடுவதுபோல.

பெப். 4, புதன்

வெயில், ஆனால் குளிர். கோபம் இறங்கவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். நேற்றுக் கேட்டிருக்க வேண்டியவை:

- ஊரில் மனைவி உயிரோடு இருக்க, இங்கே இன்னொருத்திக்குத் தாலி கட்டினவனுக்குப் பொன் உருக்கினது யார்?
- சீதனம் போதாதென்று இரண்டு தரம் கல்யாணத்தை நிறுத்தின வீட்டுக்கு?
- அப்போதெல்லாம் சாமி படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதா?

இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண் எடுக்காமல், "வேறை கடை இல்லையோ?" கடையா பிரச்சினை? துளசி பிறந்து முப்பத்தோராம் நாளுக்குக் காப்புச் செய்தது, காது குத்தியது எல்லாம் அந்த மனிதர்.

பெப். 6, வெள்ளி

து. வேலை முடிந்து வந்தாள். சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன்.

"திஸ் இஸ் இல்லீகல், அம்மா. இந்த நாட்டிலை ஒரு கடைக்காரர் அப்பிடிச் சொல்லேலாது."

நாளை தானும் என்னோடு கடைக்கு வருகிறாளாம். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். மீன் கருகுகிறது என்று குசினிக்குப் போய்விட்டேன்.

பெப். 7, சனி

எழுதக் கை கூசுகிறது.

து. மரியாதையாகத்தான் கதைத்தாள். சட்டம் சொன்னாள், எழுத்தில் முறையிடலாம் என்றாள். கனகு அண்ணை கடைசிவரை கேட்டார். பிறகு: "பிள்ளை, எனக்குச் சட்டம் படிப்பிக்க முதல் உம்மட அம்மாவைக் கேளும். உம்மை மாத்தித் தரச் சொல்லி முருகனுக்கு வெள்ளி வேல் நேர்ந்தவா. செய்து குடுத்தது நான்தான். அப்ப நான் நல்லவன்."

து. என்னைப் பார்த்தாள். "அம்மா?"

நான் மேசைக் கண்ணாடிக்குள் இருந்த மோதிரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் தனியே முன்னுக்குப் போய் இருந்தாள். தன் தரிப்பு வந்ததும் இறங்கினாள். "போயிட்டு வாறன்" இல்லை.

படுபாவி மனிதர். பொய் சொல்லியிருந்தாலாவது செருப்பைக் கழற்றியிருப்பேன். மூன்று வருடத்துக்கு முன் அதே கதிரையில் இருந்து அழுதேன், அப்போதும் தேத்தண்ணி தந்தார். இப்போது அவர் சொல்வது அன்று நான் சொன்னதுதான்.

பெப். 9, திங்கள்

து.வுக்கு ஆறு தரம் ஃபோன் எடுத்தேன். ஏழாவது தரம் ஜெனி.

"அன்ரி, அவ இப்ப கதைக்கமாட்டா. சாப்பிட்டவா, யோசிக்காதேங்கோ." பிறகு, "அந்தக் காசை என்னட்டைத் தாங்கோ. நான் ஒவ்வொரு கிழமையும் தங்கப் பல்லு வார்க்கிறனான். தாலிக்கு ஏலாதோ?"

பல் கட்டும் லாப்பில் வேலை அவளுக்கு. எனக்கு நினைவே வரவில்லை.

"முருகன் படத்துக்கு முன்னாலையே உருக்கிறன். உங்கட ஆள் கோவிப்பாரோ?"

சிரித்துவிட்டேன். பிறகு அழுகை. தாய் தகப்பன் கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்ட பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது. வெட்கம்.

பெப். 12, வியாழன்

பேய்க்காற்று. குடை போயிற்று. கோயிலுக்குப் போய், நான் தந்த வெள்ளி வேல் திரும்ப வேண்டும் என்றேன். ஐயர் பயந்துவிட்டார். "நேர்ந்து குடுத்ததைத் திருப்பி எடுக்கேலாது அம்மா." கண்ணாடி அலுமாரிக்குள் பளபளவென்று நிற்கிறது. அதன்மேலும் ஆத்திரம்.

வாசலில் ஃபோன். து.

"என்னெண்டு நேர்ந்தனீங்கள்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ."

சொன்னேன். பிள்ளையை மாற்று, மாற்றாவிட்டால் என்னை எடுத்துக்கொள். இரண்டாவதைக் கனகு அண்ணைக்கும் சொன்னதில்லை.

இரண்டு பஸ் போயிற்று.

"எனக்குக் கோவம் போகேல்லை, அம்மா."

"ஓம்."

"கனநாளைக்குப் போகாது."

"ஓம் பிள்ளை."

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு நல்ல நேரம்?"

காலண்டர் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பெப். 14, சனி

மழை. நல்ல நேரம் 10.15. இவர் சேர்ட் போட்டுக்கொண்டு நிற்கிறார், டிவி நிறுத்தியாயிற்று. ஜெ. சின்ன அடுப்பும் மண் கிண்ணமும் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். து. இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கக் காசுக்காக உள்ளங்கையை விரித்து என்னிடம் நீட்டினாள்.