லைலுக்கு ஓர் எதிராளி

மே 28
என் புருஷன் ஆரின், மெய்ன் மாநிலச் சட்டசபைத் தேர்தலில் நிற்கிறான். லைலை எதிர்த்து! இருபது வருடமாக லைலின் படகில்தான் சிங்கி இறால் பிடிக்கப் போகிறான். பெண்டாட்டி நான், ஊர் அலுவலகப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

"சும்மா ஒரு ஆசை, வெர்னா," என்றான். ஆசையா? இவன் ஓட்டுப் போட்டே ஆறு வருடம் ஆகிறது.

ஜூன் 2
ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லை. காலையில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படகேறுகிறார்கள்.

ஜூன் 6
ஆரினின் வேட்புமனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது லைலின் மனைவி டாட்டியாம். ரொட்டிக்கடைக்காரி சொன்னாள். புருஷனை எதிர்ப்பவனுக்காக எவள் அலைவாள்?

ஜூன் 7
நூலகத்தில் விதிப்புத்தகம் படித்தேன். ஆளுக்கு ஐந்து டாலர் என்று நன்கொடை திரட்டிக் காட்டும் வேட்பாளருக்கு மெய்ன் மாநிலமே பிரசாரப் பணம் தரும். எதிராளி இருந்தால் நிறைய. இல்லாவிட்டால் கொஞ்சம்தான்.

லைல் அந்தப் பணத்தில்தான் நிற்கிறான்; அவன் பிரசுரங்களை அச்சடித்துக் காசு பார்ப்பவன் அவன் தம்பி.

ஆரின், ஆரின் — நீ வெறும் பொம்மையா?

ஜூன் 8
கேட்டேவிட்டேன். மீன் சூப்பிலிருந்து அவன் தலை நிமிரவில்லை.

"பேரை மட்டும் குடுடான்னான் லைல். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு! அது நான் கட்டற வரி. பள்ளிக்கூட சமையக்கட்டுல கூரை ஒழுகுது, கீழ வாளி வெச்சுட்டு சமைக்கறேன்."

"லைல் இல்லேன்னா எனக்குப் படகு ஏது?"

என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 9
அவனுக்குச் சாப்பாடு கட்டவில்லை; அவனே ரொட்டி வெட்டி எடுத்துக்கொண்டு போனான்.

ஜூன் 14
சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக வண்டியை எடுத்தான். எங்கே? லைலிடமா? மாலையில் வந்து, "தேர்தல் அலுவலகத்துல எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். பேரையும் எடுத்தாச்சு," என்றான்.

நம்பவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து முத்திரை குத்திய நகலை உருவிப் படித்தேன். லைலைப் பற்றி மூன்று வரி. தன் தப்பைப் பற்றி ஒரு பக்கம்.

எனக்குத்தான் வெட்கமாகிப் போயிற்று.

செப்டம்பர் 19
லைலுக்குப் பணம் நின்றது, அபராதம் விழுந்தது. படகுக்கு வேறு ஆள் வைத்துவிட்டான். ஆரின் மீன் கொட்டகையில் ஐஸ் அள்ளுகிறான், விரல்கள் வெடித்திருக்கின்றன. கடையில் டாட்டி, "இப்ப நிம்மதியா உனக்கு?" என்றாள்.

நிம்மதியா? தெரியவில்லை.

நவம்பர் 5
ஓட்டுச்சீட்டில் லைல் பெயர் மட்டும். அடியில், வேறு யாரையாவது எழுத ஒரு வெற்றுக்கோடு. ஆரின் பெயரை எழுதினேன். முன்பே பதிவு செய்யாத பெயரை எண்ண மாட்டார்கள் என்று தெரியும். எழுத்தின் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதிவிட்டு வந்தேன்.