நாலு விரல் மேலே

அன்பு மகன் அஸ்கிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகமாக இருக்கிறோம். உடம்புக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சி நப்லாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, படுத்தால் மட்டும் இருமுகிறாள், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். கட்டாரில் வெயில் கடுமை என்கிறார்கள், வேலைத்தளத்தில் தண்ணீர் குடிக்காமல் நிற்காதே. வீட்டில் ஒரு போன்தான், அதுவும் வாப்பாவின் கையில், அதனால்தான் இதை நாளைக்குப் பிளேன் ஏறுகிற பக்கத்து வீட்டு றிஸ்வானிடம் கொடுத்து அனுப்புகிறேன், தனியே இருந்து வாசி.

நம்முடைய படகை வாங்க ஆள் சரிவந்துவிட்டது, கோமாரி ஊரிலிருந்து மிஹ்லார் என்று ஒருவர். அவருக்குக் காட்டுவதற்காக வாப்பா பெயின்ற் அடித்தார். அடிப்பக்கம் நீலம், தண்ணீர் மட்டம் காட்டுகிற பழைய சிவப்புக் கோட்டையும் அதோடு மூடிவிட்டார், அது மங்கிப்போச்சு, புதுசாய் மேலே போடுவம் என்றார். அவருக்குக் கை நடுங்குகிறது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பட்டப் பரீட்சை எழுதின கை, நீயே இழு என்று என்னிடம் பகிடி வேறு. நானும் வாப்பா காட்டின இடத்தில் டேப் ஒட்டி, சிவப்பும் அதன்மேல் மெல்லிய மஞ்சளுமாக முன்னணியத்திலிருந்து பின்வரைக்கும் இழுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே ஆசையாக இருந்தது. மிஹ்லார் பெண்சாதியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். படகைக் கடலில் இறக்கினார்கள், தண்ணீர் கோட்டுக்குக் கீழே சொல்லிவைத்தாற்போல் நின்றது. நல்லாத்தான் மிதக்குது என்றார் அவர். பெண்சாதி சின்ன வயசுப் பிள்ளைதான், அந்தப் பிள்ளை கோட்டைத் தடவி, ரெண்டு நிறமும் என்ன வடிவு ராத்தா, ஆர் இழுத்த என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

பிறகுதான் எனக்கு விளங்கியது, நான் இழுத்தது பழைய கோட்டுக்கு நாலு விரல் மேலே. ஆளும் இல்லை, வலையும் இல்லை, வெறும் படகு. அப்படியிருந்தும் பழைய கோடு நாலு விரல் தண்ணீருக்குள். வாப்பாவைக் கேட்டேன். போன மாரியில் கவிழ்ந்ததிலிருந்து உள்பலகை தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கிறதாம், பாரம் ஏற்றினால் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்துவிடுமாம். இதை மறைக்கவா என்னைக் கொண்டு கோடு இழுத்தீங்க என்றதற்கு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"மகன்தான் செல்லித் தந்தான். வாங்குறவன் கோட்டத்தான் பாப்பான், நாலு விரல் மேல போடுங்க எண்டு."

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க எவ்வளவோ பார்த்தேன் மகன். வாப்பா இனிக் கடலுக்குப் போகக்கூடாது என்றுதான் நீ செய்திருப்பாய், அது எனக்குத் தெரியும். அவருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்புகிறோமே, அதை நினைத்தாயா? அஸர் தொழுகைக்கு வாப்பா பள்ளிக்குப் போனபோது கடற்கரைக்குப் போய், கரையேற்றி வைத்திருந்த படகில் கடல் பார்த்த பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு நீலத்தைச் சுரண்டிவிட்டேன். பழைய சிவப்பு தெரிகிறது. வாப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லை, பார்த்தால் என்ன நடக்குமோ தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மிஹ்லார் படகை எடுக்க வருகிறார். அதற்கு முதல் நீயே வாப்பாவுக்குக் கதைத்து, மிஹ்லாரிடம் உள்ளதைச் சொல்லச் சொல்லு. உன் வாயால் வந்தது உன் வாயால் போகட்டும். நீ கதைக்காவிட்டால் மிஹ்லாருடைய பெண்சாதி, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கோட்டையும் நான் காட்டுவேன். அந்த நாலு விரலுக்குள்தான் அவளுடைய புருஷனின் உயிர் இருக்கிறது.

சுபஹ் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன்னையும் உன் கையால் வரும் உழைப்பையும் சுத்தமாக்கி வைப்பானாக, ஆமீன். வெள்ளிக்கு முதல், மறந்துவிடாதே.

உன் உம்மா,
ஸுலைஹா
சாய்ந்தமருது