நாலு வோல்ட் எங்கே போயிற்று, அண்ணா?

கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டே போன என் அருமை அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்து, இந்த மலையாள ஊரின் மீனமாச வெயிலும் வந்துவிட்டது. தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் புடவை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அம்மா இருக்கிறாள். மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின். அது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதிலேயே என் பாதி மூளை போகிறது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறேன்.

போன வாரம் அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போதுதான் கவனித்தேன். அவள் வலது கை கட்டிலை ஒட்டிய சுவரில், நீ பொருத்திய சுவிட்ச் போர்டின் மேல் இருந்தது. எடுத்து மடியில் வைத்தேன். கை திரும்ப அங்கேயே போயிற்று.

"தொட்டுப்பாருடீ, அவன் உடம்பு மாதிரியாக்கும் சுடறது" என்றாள்.

தொட்டேன். இளஞ்சூடு. எலிக்காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசிவரை உன் நெற்றியிலிருந்து கையை எடுக்காதவள் அல்லவா? அவளுக்கு அந்தச் சூடு சுகமாக இருந்திருக்கிறது. நானோ உன் கருவிப்பெட்டியைத் தேடி ஓடினேன்.

உன் மல்டிமீட்டரை எடுத்தேன். மெயின் போர்டில் இருநூற்று முப்பது வோல்ட். அம்மாவின் அறையில் இருநூற்று இருபத்தாறு. நாலு வோல்ட் வழியில் எங்கேயோ தொலைந்திருக்கிறது. அந்த நீளக் கம்பி அரை வோல்ட் தின்னலாம், நாலு தின்னாது. மெஷின் இழுப்பது ஒன்றரை ஆம்பியர். தோராயக் கணக்குத்தான், நாலையே ஒன்றரையால் வகுத்தேன். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஓம். நல்ல இணைப்பில் இவ்வளவு தடை இருக்கவே கூடாது. அதே நாலை ஒன்றரையால் பெருக்கினால் ஆறு வாட். அம்மாவின் உள்ளங்கைக்கு இதமாக இருந்தது அந்த ஆறு வாட்தான்.

"லலி கணக்கைத் தொடங்கிட்டாளா, இனி சோறு கிடைக்காது" என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். ஆனால் மேலே கேள். வெயில் தாங்காமல் அம்மாவுக்கு மூச்சு திணறுகிறது, ஏசியைப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏசியும் சேர்ந்தால் ஆறு ஆம்பியர், நாலு மடங்கு. தொலைகிற வோல்ட்டும் நாலு மடங்காகிப் பதினாறு. பதினாறை ஆறால் பெருக்கு, அண்ணா. தொண்ணூற்றாறு வாட். அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பைச் சுவருக்குள்ளே, ஆக்ஸிஜனுக்குப் பக்கத்தில், அம்மாவின் தலைமாட்டில் எரியவிட்டதற்குச் சமம்.

அதன் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. ஏசி சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸிடம் அதைத் தொடவே கூடாது என்று சொன்னேன். சொல்லிவிட்டும் வகுப்பு நடுவே வெளியே வந்து போன் பண்ணிக் கேட்டேன். சேச்சிக்கு என்ன ஆயிற்று என்று அந்தப் பெண் சிரித்தாள். என்ன ஆயிற்று என்று நான் யாரிடம் சொல்ல? நீ இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

எலக்ட்ரீஷியன் ஷாஜியை வரச் சொன்னேன். அம்மா போர்டைக் கையால் மறைத்துக்கொண்டு விடவே இல்லை.

"அவன் வெச்சதைக் கழட்டாதே. இந்த ஆத்துல அவன் சூடுன்னு இது ஒண்ணுதான் பாக்கி இருக்கு."

ஷாஜி பாவம், ஸ்குருடிரைவரோடு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். அது நீ இல்லை, தளர்ந்துபோன ஓர் இணைப்பு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? "அம்மா, போர்டு சுடவே கூடாது. சுட்டா தீப்பிடிக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மெல்ல எடுத்தாள்.

குழாயைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மெயினை அணைத்தோம். மெஷினின் சத்தம் நின்றதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நான் சிலிண்டரின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஷாஜி போர்டைக் கழற்றிக் காட்டினான். அறைக்கு வரும் கம்பியோடு ஏசி கம்பியை முறுக்கி நீ டேப் சுற்றிய இடம் கரியாகிக் கிடந்தது. கனெக்டர் போடு, கனெக்டர் போடு என்று எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தினேன்! "நம்ம காலத்துக்குத் தாங்கும், போடீ" என்றாய். உன் காலத்துக்குத் தாங்கியதுடா, அண்ணா. கோபத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். ஷாஜி கருகியதை வெட்டி எறிந்து, கனெக்டர் போட்டு, ஏசிக்கு மெயினிலிருந்தே தனிக் கம்பி இழுத்தான்.

மெயினைப் போட்டதும் அளந்து பார்த்தேன். அரை வோல்ட்தான் குறைந்தது. போர்டு சில்லென்று இருந்தது. மீட்டரை வைத்துவிட்டு, பயந்துகொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கையை நீட்டி உள்ளங்கையை வைத்தாள். பிறகு திருப்பிப் புறங்கையையும் வைத்துப் பார்த்தாள், உன் நெற்றியில் வைத்துப் பார்ப்பாளே, அதே மாதிரி.

"ஜுரம் விட்டுடுத்து" என்றாள். "இனிமே ஏசியைப் போடு."

போட்டேன். அம்மா தூங்குகிறாள். எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. சமையலறை கிரைண்டருக்கும், மாடி மோட்டாருக்கும் நீதானே கம்பி இழுத்தாய்? அங்கேயும் டேப் சுற்றித்தான் வைத்திருக்கிறாயா? இந்த வீட்டில் நீ கை வைத்த போர்டை எல்லாம் தொட்டுப் பார்ப்பேன், அண்ணா. சூடில்லாமல் இருக்கிறாயா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இது சத்தியம்.

உன்னோடு சண்டை போட்டு இன்னும் தீராத உன் தங்கை,
லலி