அரிதட்டின் கண்

12 ஒக்டோபர் 2009, திங்கள்
மழை. அப்டன் பார்க்கில் ரயில் நின்றுபோனது. வேலைக்குப் பிந்தித்தான் போனேன். வாங்க வேண்டியது: மிளகாய்த்தூள், சின்னக் கையுறை.

ஆர்க்டிக் விரிகுடாவின் அடிச்சேறு வாளி வாளியாக ஆய்வுகூடத்தில். ஃபோர்மலின் நாற்றம், கண் எரிச்சல். கடல்வாய்ப் பக்கத்துச் சேறு எனக்கு. பனியாற்றடிச் சேறு அன்ரனுக்கு. கழுவி, அரித்து, உயிர்களைப் பொறுக்க வேண்டும்.

பே. (பேராசிரியை) இன்று சொல்லிவிட்டார்: தைக்குப் பிறகு இருவரில் ஒருவருக்குத்தான் வேலை. அன்ரன் மன்னார்க்காரன். அவன் விசா இந்த வேலையில்தான் தொங்குகிறது. என்னிடம் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் இந்த மேசை போனால் திரும்பவும் கடை டில்லில் நின்று காசு வாங்குவதுதான். மாட்டேன்.

13 செவ்வாய்
எனக்கு நட்சத்திரமீன், மட்டி, குழாய்ப்புழு. எல்லாம் தடித்த உருப்படிகள். பனியாற்றடியில் அப்படி இல்லை. மாவு போன்ற களி ஓயாமல் வந்து மூடும். ஓரிடத்தில் ஒட்டியிருப்பவை மூச்சடைத்துச் சாகும். நூல் போன்ற புழுக்கள்தான் தப்பும். அவற்றைப் பிடிக்கச் சின்னக்கண் அரிதட்டு, நெருக்கமான சல்லடை, வேண்டும்.

அன்ரன் எடுத்தது பெரியகண். தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர்கள் தெரிவதற்காக ஊற்றிய சாயத்தில் சிவந்த புழுக்கள், தண்ணீரோடு தொட்டி வடிகாலுக்குள்.

"அக்கா, என்ர பக்கம் ஒண்டுமே இல்லை. வெறும் களிதான்."

"பனியாத்துக்குக் கிட்ட அப்பிடித்தான் தம்பி. நீர் யோசிக்காமக் கழுவும்."

சொன்ன பிறகு சுகமாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் செல்லப்பிள்ளை அவன். காலையில் முதல் வணக்கம் அவனுக்கு, மிச்சம் எனக்கு.

16 வெள்ளி
வெயில்! அன்ரன் எல்லா வாளியும் முடித்துவிட்டான். வேகமான கை என்று பே. பாராட்டினார். இவனும் பல்லைக் காட்டினான். சிரி, ராசா.

ஈலிங் கோயிலுக்குப் போக நினைத்து, போகவில்லை. கோழிக்கறி வைத்தேன்.

20 செவ்வாய்
குளிர். பே. அன்ரனின் முடிவைப் பார்த்தார். உயிர் ஒன்றும் இல்லை. நம்பவில்லை. நேரே தொட்டியடிக்கு வந்து அரிதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பெரியகண். அவ்வளவுதான். போன சேறு போனதுதான், கப்பல் இனி அங்கே போகாது.

அன்ரன் என்னை நடைபாதையில் மறித்தான்.

"அக்கா, ரெண்டு அரிதட்டும் ஒரே மாதிரி, ஆருக்கும் மாறும் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அவ கேப்பா. வேலை போனா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"ஓம், சொல்லுறன்."

பே. கூப்பிட்டுக் கேட்டார்: இரண்டு அரிதட்டும் ஒன்றுக்கு மற்றது மாறிப்போகக் கூடியவையா? கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அன்ரன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒருநாளும் மாறியதில்லை என்றேன்.