தரங்கம்பாடிக்கு ஒரே ஒரு ட்ரிப்

பிப். 2, திங்கள்

நல்ல பனி. இவரைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் கண் ஆஸ்பத்திரி. டோக்கன் 41. கண்ணுக்கு மருந்து விட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. மறைக்காமல் சொன்னாள். "பக்கவாட்டுப் பார்வை போயிடுச்சுங்க. நேரா, குழாய் வழியா பாக்குற மாதிரிதான் இப்ப தெரியும். போனது திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து. வண்டி ஓட்டுறீங்களா?"

இவர்: "எப்பயாச்சும்."

முப்பத்தொரு வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி. எப்பயாச்சுமாம்.

"இனிமே தொடாதீங்க. சைக்கிள்கூட வேணாம்."

பஸ்ஸில் அரியலூர் வந்தோம். இறங்கும்போது, "ஒரே ஒரு ட்ரிப், மல்லிகா. அப்பறம் சாவிய ஒங்கிட்ட குடுத்துடுறேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். டீ குடிக்கலாமா என்று கேட்டேன்.

பிப். 3, செவ்வாய்

சொட்டு மருந்து (சொ.ம.) காலை 1, மாலை 1. மறக்கக் கூடாது.

வேனைக் கழுவினேன். லாரியை விட்ட நாளிலிருந்து எட்டு மாதமாக இந்த வேன்தான் வேலை இவருக்கு. பழைய வேனை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணி டிரம், என் பழைய சேலையில் ஜன்னல் திரை. எதிர்வீட்டு ராணி தினமும் கேட்பாள், "என்னாக்கா, கேரவன் ரெடியா? எங்க ஷூட்டிங்?" கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போவது திட்டம். நோட்டில் ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார்.

ஐப்பசியில் ரஞ்சன்குடி கோட்டைக்கு வெள்ளோட்டம் போனோம். திரும்பி வந்து நம் வீட்டு கேட் தூணிலேயே உரசினார். தூண் கோணலாக நிற்கிறது என்றார். நானும் ஆமாம் என்றேன். அப்போதே தெரியும் எனக்கு. தெரிந்தே தூணைத் திட்டினேன்.

இப்போது கன்னியாகுமரி இல்லை. தரங்கம்பாடி மட்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது. பழைய துறைமுகம், டேனிஷ்காரன் கோட்டை. இவருக்குக் கப்பல் பார்க்க வேண்டும். குவாரிக் கல்லில் கிளிஞ்சல் கிளிஞ்சலாக இருக்கும், ஒரு காலத்தில் நம்ம ஊரே கடலுக்குள் இருந்தது என்பார். அப்படி ஒரு கல் டேஷ்போர்டில் எப்போதும் இருக்கும். அந்தக் கடலையே லாரியில் ஏற்றி இறக்கி முப்பத்தொரு வருஷம், கப்பலைப் பார்த்ததில்லை.

மாலையில் எனக்கு கிளீனர் டிரெயினிங். சிரிப்பாக வந்தது, சிரிக்கவில்லை. பின்னால் நின்று "வா, வா" சொல்ல வேண்டும். நிறுத்த "ஓல்டான்". வண்டி பாடியில் இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு நில்.

"நீ ஓல்டான் சொல்ற வரைக்கும் வந்துகிட்டே இருப்பேன்," என்றார்.

இருபத்தாறு வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவளுக்கு இந்த வயதில் கிளீனர் வேலை.

பிப். 5, வியாழன்

விடிந்த பிறகுதான் கிளம்பினோம். இருட்டில் சுத்தமாகத் தெரியாது என்று இப்போதுதான் ஒத்துக்கொள்கிறார்.

எடுத்தது: புளிசாதம், தண்ணி 2 கேன், சொ.ம., தலைவலித் தைலம், கோரைப்பாய்.

ஜெ.கொண்டம், மீன்சுருட்டி, அணைக்கரை. வழி முழுக்க என் வாய்தான் ஓட்டியது. லெஃப்ட்ல பைக். ஆடு. ரைட்ல பஸ் ஏறுறான். தொண்டை கட்டிவிட்டது. அணைக்கரைப் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். உடனே திறந்தேன். ரெண்டு பேரும் மூடினால் எப்படி.

தரங்கம்பாடி. பழைய வாசல் வளைவு வழியாக நேர்த் தெரு, இரண்டு பக்கமும் பெரிய பெரிய வெள்ளைக்காரன் வீடுகள். ஆள் நடமாட்டமே இல்லை. கடைசியில் கோட்டை, அதற்கு அந்தப் பக்கம் கடல். இவர் கோட்டைக்கு நேரே நின்றுகொண்டு கேட்டார், "எவ்ளோ பெருசு மல்லிகா?"

பொசுக்கென்று அழுகை வந்தது. விழுங்கிவிட்டு, "பத்து லாரிய வரிசையா நிறுத்துனாலும் எடம் இருக்கும்," என்றேன்.

"மஞ்சளா? மங்கலாத்தான் தெரியுது."

"சோளம் மாதிரி மஞ்சள்."

மேல்தளத்தில் காற்று. தலையை மெல்ல இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிக் கடலைத் துண்டு துண்டாகப் பார்த்தார். கரையில் கோயில். அலை வந்து கல்லில் மோதுகிறது. ஒருவர் தன் பிள்ளைகளிடம், முன்னால இருந்ததெல்லாம் கடல் தின்னுடுச்சு, இது மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவரும் கேட்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"கப்பல் இருக்கா?"

இல்லை. ஒரு படகுகூட இல்லை. வெறும் தண்ணீர்.

"அதோ, தூரத்துல ஒண்ணு போவுது," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்த மனுஷன்.

கையை நெற்றியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா. தெரியுது. பெரிய கப்பல்தான்."

இல்லாத கப்பலை அரை மணி நேரம் ரெண்டு பேரும் பார்த்தோம்.

வேனுக்குள் திரையை இழுத்துவிட்டுச் சாப்பாடு. புளிசாதத்தில் உப்பு போதவில்லை. நன்றாயிருக்கிறது என்றார். இன்று இவர் சொன்ன எதை நம்புவது?

பிப். 6, வெள்ளி

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை.

மூன்று மணி. கிளம்ப வேண்டும். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். நான் பின்னால் நின்று, "வா, வா." போன் அடித்தது. மகள் சுதா, பெரம்பலூரிலிருந்து. டாக்டர் சொன்னது அவளுக்கு இன்னும் தெரியாது. எடுத்ததும், "எங்கம்மா இருக்கீங்க, அலைச்சத்தம் கேக்குது?" என்றாள். என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடி ஓரமாக இரண்டு எட்டு நகர்ந்து திரும்பி நின்றேன். அவ்வளவுதான். பத்து எண்ணும் நேரம்கூட இருக்காது.

வண்டி வந்துகொண்டே இருந்தது.

மீன்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் அலறிக்கொண்டே வண்டியில் அடித்தேன். ஒரு தட்டா பத்துத் தட்டா தெரியாது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். கூடை டயருக்கு அடியில். மத்தி மீன் ரோடெல்லாம் கூழ்.

அவள் எழுந்து நின்று கத்தினாள். "ஏன்யா, கண்ணு தெரியலையா ஒனக்கு?"

இவர் கதவைத் திறந்து, கம்பியைத் தடவித் தடவி இறங்கினார். கையைக் கூப்பி நின்றார். அவளுக்கு நேராகக்கூட இல்லை, கொஞ்சம் தள்ளி, மரத்தைப் பார்த்து.

"ஆமாம்மா. தெரியல."

அவள் அதற்கப்புறம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னைப் பார்த்து, "இவரப் போயி ஓட்ட வுட்டியேக்கா," என்றாள்.

அவள் கால் மேல் ஏறியிருந்தால் ஏற்றியது நான்தான்.

சாவியை என் கையில் வைத்தார். டீக்கடையில் சொல்லி ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பிடித்தோம். இவர் கிளீனர் சீட்டில். கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மீன்சுருட்டி தாண்டி ஒரே ஒரு பேச்சு.

"கப்பல் இல்லதான மல்லிகா?"

"இல்லங்க."

"ம்."

பிப். 8, ஞாயிறு

சுதா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல் பாய்ந்தாள், அப்புறம் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் அவள் தலையைத் தடவி, "அழுவாத, மீன்தான் போச்சு," என்றார்.

வேனை விற்றுவிடலாம் என்று சொன்னதும் இவர்தான்.

தண்ணி மோட்டார் ஓடவில்லை. ஆள் சொல்ல வேண்டும்.

பிப். 11, புதன்

காலையில் வேனில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஸ்டியரிங்கைப் பிடிப்பதில்லை. கை மடியில். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். ஊர் எழுதிய நோட்டு அலமாரியில் இல்லை. எங்கே என்று கேட்க தைரியமில்லை.

சாமி கும்பிட உட்கார்ந்தேன். கேட்க ஒன்றும் தோன்றவில்லை. போனது திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லியாயிற்று.

பிப். 15, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. சொ.ம. தீரப் போகிறது.

வேன் வாங்க ஜெ.கொண்டத்திலிருந்து ஒருவர் வந்தார், கேட்டரிங் செய்கிறாராம். கட்டிலை நேற்றே கழற்றியாயிற்று. நம் கேட்டிலிருந்து பின்னாலேயேதான் ரோட்டுக்கு எடுக்க வேண்டும். இவர் பின்னால் போய் நின்றுகொண்டார். "நான் சொல்றேன், நீங்க வாங்க தம்பி."

வாங்குபவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கண்ணாடியைப் பார்த்தே எடுத்துக்கொள்வார்.

"வா, வா, வா." நல்ல கணீர்க் குரல். தூண் பக்கமே போகாமல் வண்டி வெளியேறியது. ரோட்டில் ஏறித் திரும்பியது. போய்விட்டது.

இவர் வெறும் வாசலைப் பார்த்துக் கையை அசைத்தபடி "வா, வா" என்று சொல்லிக்கொண்டே நிற்கிறார்.

ஓல்டான் என்று நான்தான் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.