அவர் என்னைக் கேட்ட வாரம்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் இவர் எழுந்திருக்கவில்லை. தலைமாட்டில் வைத்த டீ ஆறி, ஆடை கட்டி, அப்படியே இருந்தது. "பல்லாவது தேய்ங்க" என்றேன். சுவரைப் பார்த்தபடியே "தேய்ச்சு?" என்றார். கோபம்கூட இல்லை அதில்.

இவர் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் இனி லீவு கிடையாதாம். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ள இப்படிச் சுருண்டு கிடந்தா வீடு விளங்குமா? சோம்பலுக்கு இடம் கொடுக்காதம்மா" என்றார். பெற்ற மகன், பயத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். தெரிந்தும் சுருக்கென்றது.

பிப்ரவரி 12

ஒருவழியாகக் கிளினிக் டாக்டரிடம் கூட்டிப் போனேன். தூக்கம், பசி, எதிலும் மனசு ஒட்டாதது, எல்லாம் கேட்டார். செத்துப்போகலாம்னு நினைப்பு வருதா என்றும் கேட்டார். இவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. எனக்குத் தெரியவே தெரியாதே!

"ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா நாங்க இதை மனச்சோர்வு நோய்னு சொல்வோம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

பேர் கிடைத்ததும் எனக்கு மூச்சு வந்தது. பேர் இருந்தால் மருந்தும் இருக்கும்தானே.

மார்ச் 8

ஷேவ் செய்துகொண்டார்.

மார்ச் 17

குளியலறையில் பாட்டு! வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார், நான் எழுந்து வருவதற்குள். எனக்கு இரண்டு ஜோடி செருப்பு, அத்தைக்கு ஒரு மிக்ஸி. "என் புள்ள திரும்பி வந்துட்டான்" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் அப்படித்தான். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் வேலையாக வந்தபோது இவர் இப்படித்தான் இருந்தார். லிஃப்ட் குழிக்குள்ளிருந்து பாடுவார். மூன்றாவது மாடியில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். வேலை முடிந்த பிறகும் தினம் வந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லாத ஆள் ஆறு ஃப்ரேம் வாங்கினார். கடையில் அத்தனை பேர் நடுவில் "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கேட்டார். பழகி ஒரு வாரம்கூட இல்லை. அந்த மனிதர்தான் இன்று பாடுகிறார். அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

மார்ச் 21

மத்தியானம் கடைக்கு அவருடைய சூப்பர்வைசர் போன். "குருவி சேஃப்டி பெல்ட் போடாம லிஃப்ட் கூரை மேல ஏறி நிக்கிறான்மா. இறங்குடான்னா சிரிக்கிறான். எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறான்." எவ்வளவு உயரத்திலும் போய் உட்கார்ந்துகொள்வதால் வேலையிடத்தில் அவருக்குக் குருவி என்று பெயர்.

நான் போய்ச் சேர்வதற்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளங்கை கிழிந்து ரத்தம். நாலு பேர் பிடித்திருந்தும் திமிறினார். "பாத்தியா, எல்லாம் பொறாமை! நான் நினைச்சா இந்த ஊர் லிஃப்ட் எல்லாம் ஒரே நாள்ல—" முடிக்கவில்லை. அடுத்த பேச்சு, அதற்கடுத்தது.

பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு. உள்ளே கூட்டிப் போனார்கள். அவர் செருப்பையும் பேன்ட் பெல்ட்டையும் என் கையில் கொடுத்தார்கள்.

மார்ச் 24

வார்டு டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். பொறுமையாகப் பேசினார். மனச்சோர்வு பாதிதானாம். ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு: இருதுருவக் கோளாறு. "இறக்கத்துக்கு மட்டும் கொடுத்த மாத்திரை அவரை மேல தூக்கி விட்டிருக்கலாம்."

"ஸ்கேன்ல தெரியுமா டாக்டர்?"

"இல்லம்மா. ரத்தத்துலயும் தெரியாது. என்னென்ன அறிகுறி, எத்தனை நாள் இருந்துது, பொழப்பை எவ்வளவு கெடுத்துது, இதையெல்லாம் கேட்டுத்தான் பேர் வைக்கிறோம்." பிறகு கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது? தூக்கமே இல்லாம, ஆனா களைப்பும் இல்லாம... ஓயாத பேச்சு, வாரி இறைக்கிற செலவு, யோசிக்காம பெரிய முடிவு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

சொன்னேன். பாட்டு, ஃப்ரேம், விடிய விடிய எங்கள் தெருவில் நடந்தது, கடையில் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். "அப்ப அதுதான் முதல் தடவையா இருக்கும்" என்றார். நல்ல விதமாகத்தான் சொன்னார்.

ஆண்டவா, நான் என் கல்யாணக் கதையைத்தானே சொன்னேன்.

மார்ச் 25

அப்ப என்னைக் கேட்டது யாரு?

ஏப்ரல் 3

வெட்கத்தை விட்டு டாக்டரிடமே கேட்டேன். "என் மேல ஆசைப்பட்டது அவரா, வியாதியா?"

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "அப்படிப் பிரிச்சுச் சொல்ல எங்களுக்கு வழியில்லம்மா. வியாதிக்குத்தான் பேர் வைக்கிறோம், மனுஷனுக்கு இல்ல. அதுக்கப்புறமும் இத்தனை வருஷம் உங்களோட இருந்திருக்காரே."

இருந்தார். அந்த வருஷங்களில் எந்த நாள் அவர், எந்த நாள் வியாதி? ஆசையாகப் பேசிய நாளெல்லாம் ஏற்றம், முகம் திருப்பிய நாளெல்லாம் இறக்கம் என்றால் எனக்கு என்று என்ன மிஞ்சும்?

ஏப்ரல் 20

வீட்டுக்கு வந்துவிட்டார். கம்பெனியில் வேலை போகவில்லை. ஆனால் இனி உயரம் ஏற விடமாட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு, போல்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை. சூப்பர்வைசர் சொன்னபோது "சரி சார்" என்றார். அவ்வளவுதான்.

மே 18

புது மாத்திரையால் கை நடுங்குகிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். மற்றபடி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. டாக்டருக்குத் திருப்தி.

வியாதியின் பெயரே வாயில் நுழையவில்லை என்ற அத்தை இப்போது அதை விடுவதில்லை. குழம்பில் உப்பு கம்மி என்று இவர் சொன்னால், "மாத்திரை போட்டியாப்பா?" என்கிறார். இவர் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தார்.

ஜூன் 7

கேட்டேவிட்டேன். துணி மடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல. "அன்னிக்குக் கடையில என்னை ஏன் கேட்டீங்க?"

ஒரு சட்டையை மடித்து முடிக்கும் வரை யோசித்தார். "எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ போட்டிருந்த பச்சைத் துணிகூட. ஆனா ஏன்னு..." பிறகு, "அப்படி எதுவுமே இப்ப உள்ள தோண மாட்டேங்குது. உன்கிட்ட மட்டும் இல்ல. எதுலயுமே. பொய் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். சொல்லியிருக்கலாம்.

ஜூலை 2

இன்று டிவியில் ஏதோ ஒரு நகைச்சுவை. அவர் சத்தமாகச் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வாய்விட்டு.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். நேற்று எப்போது தூங்கினார், காலையில் எப்போது எழுந்தார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி நம்பர் இருக்கும் போன் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

அவர் போனைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "சும்மா... ஜோக்குக்குத்தான் சிரிச்சேன்."

டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.