மரைக்கார் வைத்த கையெழுத்து

சாய்ந்தமருது
2025.05.22

அன்பு மகள் பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உனக்கு மூத்த காக்கா ஷிப்லியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீயும் அந்த மலைநாட்டுக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாய் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். போன் எடுத்தால் நீ பேசுகிறாய் இல்லை, வட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு மட்டும் காட்டுகிறது, அதனால்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகு கடுதாசியும் பேனையும் எடுத்தேன். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கல்முனைக் கடைக்குள் இரண்டு தரம் கூட்டினாலும் மண். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, கோபம்தான் குறையவில்லை. ஷிப்லி கடையைப் பொறுப்பாகப் பார்க்கிறான், ஆனால் கையில் போனோடு. அப்படி ஒரு போனில்தான் எல்லாம் தொடங்கியது.

பெப்ரவரி மாதம் ஒரு ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நிற்கிறேன், ஆதம்பாவா மரைக்கார் என் தோளைத் தொட்டு, "இது உங்கட மகள்தானே? மைக்கப் புடிச்சிக் கொண்டு நிக்கிறா" என்று அவருடைய போனை நீட்டினார். சுற்றிவர ஆட்கள். நீ கம்பஸ் கன்டீன் படியில் நின்று ஒரு கடுதாசியை வாசிக்கிறாய், நூறு நூற்றைம்பது பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். நீ என்ன வாசிக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை, மகள். என் மகள் ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால் சத்தம் போடுகிறாள் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஒரு குடி வம்சத்துக்குத் தலைவனாய், மரைக்காராகப் பள்ளியில் உட்கார்ந்து பத்துக் குடும்பத்துக்கு நியாயம் சொல்கிறவனின் மகளா இது என்று முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்து ஷிப்லியின் போனில் அதைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பத்துத் தரம் பார்த்தேன். உன் பக்கத்தில் நிரோஜினி நின்று உன் கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. உன்னோடு படிக்கிற வீரமுனைத் தமிழ்ப் பிள்ளை, போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நம் வீட்டுக்கு வந்து உம்மாவின் கையால் வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை. அவள்தான் உன்னை ஏவி விடுகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். ஏன் அப்படி முடிவு கட்டினேன் என்று யோசித்துப் பார்த்தால் அதற்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த ஊருக்கும் நம் ஊர்களுக்கும் இடையில் கிடக்கிற பழைய கசப்பு எனக்குள்ளே இல்லை என்று மேடை போட்டுச் சொல்கிறவன் நான்.

அடுத்த கிழமை கம்பஸிலிருந்து அழைப்பு வந்தது. விடிய பஸ் ஏறி வந்தேன், உன்னைப் பார்க்காமலே நேரே நிர்வாகக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சேர் எழுந்து நின்று "வாங்க ஹாஜியார்" என்று கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். அந்த மரியாதையில் எனக்குத் தலைகால் தெரியாமல் போயிற்று. பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை, யாரோ தூண்டி விட்டிருக்கிறார்கள், தகப்பன் ஒரு கடிதம் எழுதித் தந்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். நம் பள்ளியில் ஒரு பிணக்கு வந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். பிழை செய்தவன் வாய் திறக்கத் தேவையில்லை, அவன் குடி மரைக்கார் எழும்பிப் பிழை எங்கள் பக்கம் என்று மாப்புக் கேட்பார். கூட நின்றவன் யார் என்று பெயரையும் சொல்வார், பெயர் சொன்னால்தான் அந்தப் பக்கத்து மரைக்காரையும் கூப்பிட்டு, இரண்டு பேரையும் கை கொடுக்க வைத்து, ஸலவாத்துச் சொல்லி, பிளேன்டியோடு முடிக்கலாம். கம்பஸும் அப்படித்தான் என்று நினைத்தேன், மடையன் நான். நிரோஜினியின் பேச்சைக் கேட்டுத்தான் என் மகள் இப்படிச் செய்தாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவள் தகப்பனையும் கூப்பிடுவார்கள், எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிப்போம் என்றே திரும்பி வந்தேன். அவர்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. உன்னை விட்டார்கள், அந்தப் பிள்ளைக்கு ஒரு வருட வகுப்புத்தடை போட்டார்கள், அதுவும் கடைசி வருடப் பரீட்சைக்கு முன்னால். நான் தனியாகத்தான் வாசித்தேன் என்று நீ போய்ச் சொன்னபோது உன் தகப்பனே எழுதித் தந்திருக்கிறார் என்று என் கடிதத்தை உனக்கு முன்னால் போட்டார்களாம். அன்றைக்கு நீ போனில் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "நான் கதைச்சதுக்கு நான் பொறுப்பு வாப்பா, என்ட வாயால கதைக்க உங்களுக்கு ஆரு சொன்ன?" என்றாய். அதோடு சரி. இரண்டு மாதமாகிறது.

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். உன்னைக் காப்பாற்றினேன், நன்றி இல்லாத பிள்ளை என்று உம்மாவிடம் கத்தினேன். பிறகு ஒரு நாள் கடைக்கு ஒருவர் வந்து கூரை ஆணி இரண்டு கிலோ கேட்டார். நிறுத்துக்கொண்டிருக்கும்போது எந்த ஊர் என்று கேட்டேன், வீரமுனை, பெயர் அமிர்தலிங்கம் என்றார். நிரோஜினியின் தகப்பன். அவர் என்னைத் தெரிந்துதான் வந்திருக்கிறார், "ஹாஜியார், உங்கட மகளோட படிச்ச புள்ளதான் என்ட புள்ளையும். ஆரோ பேர் எழுதிக் குடுத்து நிப்பாட்டிப் போட்டாங்க. உங்கட மகளுக்காவது ஒண்டும் ஆகல்ல, அது சந்தோசம்" என்றார். அந்த மனுசன் சந்தோசம் என்கிறார், நான் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "அந்த ஆரோ நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? சொல்லவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, நிறுத்த ஆணிக்கு மேலே இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். ச்சே, ஒரு பிள்ளையின் படிப்புக்கு இரண்டு கை ஆணி. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால் எழும்பி நின்றுகொண்டு, "அவ உங்கட குடியும் இல்ல, என்ட குடி. உங்கட குடிக்குத்தான் நீங்க மரைக்கார். என்ட மகளுக்காக மாப்புக் கேக்க நீங்க ஆரு?" என்றாள். தாய் வழியில்தான் குடி என்று ஊருக்கே சட்டம் பேசுகிற எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. உம்மா ஷிப்லியைக் கூப்பிட்டு அந்த வீடியோவைச் சத்தம் கூட்டிப் போடச் சொன்னாள். விடுதித் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது என்று பிள்ளைகள் ஒட்டிய அறிவித்தலைக் கிழித்துவிட்டு, அனுமதி இல்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடிக் கதைக்கக் கூடாது என்று அவர்கள் போட்ட சுற்றுநிருபம், அதைத்தான் நீ வாசித்திருக்கிறாய். ஒவ்வொரு சொல்லும் அவர்களுடையது. கடைசியில் நீ சொன்னது ஒரே ஒரு வசனம், இதை வாசிக்கவும் அனுமதி எடுக்க வேண்டுமா என்று. ஷிப்லி சிரித்துவிட்டான். உம்மாவும் சிரித்தாள். நான் எழும்பி வீட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டேன், மகள், அங்கே நின்று அழுதேன்.

போன ஞாயிறு வீரமுனைக்குப் போனேன், தனியாக, தொப்பியைக் கழற்றாமல், யார் வந்திருக்கிறது என்று தெரியட்டும் என்று. பெயர் எழுதிக் கொடுத்தது நான்தான் என்று முற்றத்தில் வைத்தே சொல்லிவிட்டேன். அமிர்தலிங்கம் திரும்பி மகளைப் பார்த்தார். நிரோஜினிதான் கதவடியில் நின்று, "அங்கிள், நான் அவவ இழுத்தது வாசிக்கச் சொல்லி இல்ல. நிப்பாட்டு, உன்ட வாப்பா பள்ளியில பெரிய ஆள், அவருக்குக் கஷ்டம் வரும் எண்டு சொல்லித்தான் இழுத்தனான்" என்றாள். எனக்காக உன்னை இழுத்த கையைத்தான் குற்றவாளி என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புறப்படும்போது அமிர்தலிங்கம் உள்ளே போய் ஒரு சொப்பின் பையை எடுத்து வந்தார். "அண்டைக்கு நிறுவையில பிழ விட்டுட்டீங்க ஹாஜியார், ஆணி கூடக் கிடந்திச்சி. கல்முனைக்கு வரக்குள்ள தரணும் எண்டு எடுத்து வெச்சனான்" என்று என் கையில் தந்தார். அவர் அதை ஏச்சாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்தப் பை கடை மேசை லாச்சிக்குள் இருக்கிறது, ஆணியைத் திரும்பப் பெட்டியில் கொட்ட மனம் வரவில்லை.

ஜூன் மூன்றாம் திகதி நிரோஜினியின் மேன்முறையீட்டு விசாரணை. இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், முன்பு நான் எழுதியது பொய், என் மகள் தன் விருப்பத்தில் தனியாக வாசித்தாள், அந்தப் பிள்ளை தடுக்கத்தான் பார்த்தாள் என்று. கூப்பிட்டால் நேரில் வந்து அதே சேருக்கு முன்னால் சொல்வேன், இந்த முறை தேத்தண்ணி குடிக்க மாட்டேன். ஆனால் இது போனால் தடை உன் மேல் விழலாம், நீயும் ஒரு வருடம் வீட்டில் இருக்க நேரலாம், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. நீ வந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது, ஊரார் கதைத்தால் அதற்குப் பதில் சொல்வது என் வேலை. உம்மா சொல்கிறாள், நீ என்ன சொல்வாய் என்று அவளுக்கு இப்போதே தெரியுமாம். எனக்கும் தெரியும் போலத்தான் இருக்கிறது, இருந்தாலும் போன முறையும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த அறிவையும் தருவானாக, உன் நாவில் உண்மையை நிலைக்க வைப்பானாக. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி, செம்மண் தண்ணீர் என்று நீயே ஊருக்குச் சொல்லிவிட்டு அதையே குடித்துக்கொண்டு இருக்காதே. இரண்டாம் திகதி இரவு அங்கே வருகிற பஸ்ஸுக்கு எனக்கு சீட் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இதோடு வைத்த கடிதத்தை வாசித்துப் பார், பிழை இருந்தால் வெட்டு, கூட்ட வேண்டியதைக் கூட்டு. என்னோடு பேச உனக்கு விருப்பமில்லை என்றால் உம்மாவுக்காவது ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல் சொல். அந்தக் கடிதத்தின் அடியில் கையெழுத்துக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன், கையெழுத்து வைக்கவில்லை. உன்னைக் கேட்காமல் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் மாப்புக் கேட்கும்
வாப்பா